வசனமே இல்லாத காட்சியில் முகத்தை என்ன செய்வது?

கேள்வி: ஆறு வருடமாக மேடை நாடகங்களில் நடிக்கிறேன். இப்போதுதான் முதல் படம், கதாநாயகியின் அண்ணன் வேடம். வசனம் மிகக் குறைவு, ஆனால் நிறையக் காட்சிகளில் இருக்கிறேன். போன வாரம் ஒரு காட்சி எடுத்தார்கள். வீட்டில் தனியாகத் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது போன் வருகிறது. அப்பா இறந்துவிட்டார் என்று சொல்கிறார்கள். நான் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. முதல் டேக் முடிந்ததும் இயக்குநர், "மேடையில நிக்கிற மாதிரி இருக்கு, கொறைங்க" என்றார். குறைத்தேன். "இப்ப முகத்துல ஒண்ணுமே இல்லையே" என்றார். என் தாத்தா இறந்த நாளை நினைத்துக்கொண்டேன். மேடையில் அப்படி நினைத்தாலே கண்ணீர் வந்துவிடும், அன்றைக்கு வரவில்லை. பதினோரு டேக் போனது. கடைசியில் நேரம் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஷெட்யூலில் மறுபடி எடுப்பார்களாம். மூன்று வாரம் இருக்கிறது. நாம் தெரிவிப்பதில் 93 சதவீதம் உடல்மொழிதான் என்று படித்தேன். அதனால் இணையத்தில் கிடைத்த முகபாவப் படங்களை வைத்துக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் கண்ணாடி முன்னால் பழகுகிறேன். இது சரியான வழியா? கைகளை என்ன செய்வது என்றும் புரியவில்லை.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கண்ணாடியை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம், இது மட்டும் அவசரம். தினமும் ஒரு மணி நேரம் என்றால் மூன்று வாரத்தில் 21 மணி நேரம். அவ்வளவு நேரமும் நீங்கள் பழகப்போவது, உணர்ச்சி வரும்போது உங்களையே பார்த்துக்கொள்வதைத்தான். படப்பிடிப்பில் கண்ணாடி இருக்காது, ஆனால் அந்தப் பழக்கம் கூடவே வந்துவிடும். போனில் வரும் செய்தியின் மேல் இருக்க வேண்டிய கவனத்தில் பாதி, 'இப்போது என் முகம் எப்படி இருக்கிறது' என்பதற்குப் போய்விடும். குளோசப்பில் இது அப்பட்டமாகத் தெரியும். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. 'நடிக்கிறான்' என்று மட்டும் தோன்றும்.

இன்னொன்றும் உண்டு. முகத்தில் இருக்கிற எல்லாத் தசைகளும் நம் சொல்லைக் கேட்பதில்லை. துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி எழுதினார். சிரிக்கும்போது வாயோரத்தை மேலே இழுக்கிற தசையை நாம் நினைத்தபோது இயக்கலாம். கண்ணைச் சுற்றியிருக்கும் தசை அப்படியில்லை, உள்ளே மகிழ்ச்சி இருந்தால்தான் அது சுருங்கும் என்றார். பழகிப் பழகி அதையும் ஓரளவு இயக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கண்ணாடி முன்னால் பெரும்பாலோர் பழகுவது வாய்ச்சிரிப்பைத்தான். பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது போதும். கேமராவுக்குப் போதாது, அது முதலில் பார்ப்பதே கண்ணை.

அந்த 93 சதவீதக் கணக்கையும் மறந்துவிடுங்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்தது அது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லிப் பதிவு செய்தார்கள். முகப் படங்களையும் பயன்படுத்தினார்கள். பேசுகிறவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்பவர்கள் சொல்ல வேண்டும். சொல் ஒன்றாகவும் தொனியோ முகமோ வேறாகவும் இருந்தால் மனிதர்கள் எதை நம்புகிறார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் அந்த எண்கள் பொருந்தாது என்று அவரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நடிகர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: சொல்லும் முகமும் முரண்படுகிற இடத்தில் ஜனங்கள் முகத்தை நம்புவார்கள். 'எனக்கு ஒன்றுமில்லை' என்ற வசனம் வரும்போது இது ஞாபகம் இருந்தால் போதும்.

சரி, கண்ணாடியும் வேண்டாம், கணக்கும் வேண்டாம் என்றால் எதைத்தான் பழகுவது?

நம் மொழியில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. உள்ளே நிகழ்வது உடம்பில் படுவதுதான் மெய்ப்பாடு. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்கிறது. இது நிறையப் பேருக்குத் தெரியும். அதற்கு அடுத்து வருவதைத்தான் நடிகர்கள் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். எட்டில் ஒவ்வொன்றுக்கும் நான்கு நான்கு என்று சொல்லிக்கொண்டு போகிறது. புருவத்தை இப்படி உயர்த்து, உதட்டை இப்படிச் சுழி என்று ஒரு வரியும் அந்த இடத்தில் கிடையாது. அந்த உணர்ச்சி எதிலிருந்து பிறக்கிறது என்றுதான் இருக்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அச்சத்துக்கு அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (தலைவன்). பிறர் இகழ்ந்ததால் வருகிற அழுகை வேறு, இழந்ததால் வருகிற அழுகை வேறு, இருந்த நிலையிலிருந்து சரிந்ததால் வருவது வேறு, இல்லாமையால் வருவது வேறு. விலங்கைக் கண்ட பயமும் திருடனைக் கண்ட பயமும் ஒரே முகமாக இருக்க முடியாது. அழுகைக்கென்று பொதுவான ஒரு முகம் கிடையவே கிடையாது என்பதை அந்தக் காலத்திலேயே கண்டுகொண்டவர்கள் நம்மவர்கள். இதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கே சிலிர்க்கிறது.

நாட்டிய சாஸ்திரமும் இதே இடத்துக்குத்தான் வேறு வழியாக வருகிறது. உடலசைவு, பேச்சு, உடையும் ஒப்பனையும், கடைசியாக உள்ளிருந்து எழும் சாத்விகம் என்று நடிப்பை நான்காகப் பிரிக்கிறார் பரதர். சாத்விகத்தில் எட்டு: உறைந்து நிற்பது, வியர்ப்பது, மயிர்க்கூச்செறிவது, குரல் மாறுவது, நடுங்குவது, நிறம் வெளிறுவது, கண்ணீர், மயங்கிப்போவது. இந்தப் பட்டியலில் எதையும் நினைத்த மாத்திரத்தில் உண்மையாக வரவழைக்க முடியாது. மேடையில் ஆறு வருடம் நீங்கள் வளர்த்தது பெரும்பாலும் அந்த நான்கு பிரிவில் முதல் இரண்டை. அதில் தப்பே இல்லை, மேடைக்கு அதுதான் தேவை. கேமரா கேட்பது நான்காவதை. அதற்குக் கட்டளையிட முடியாது, காரணத்தைத்தான் தயார் செய்ய முடியும். உங்கள் மூன்று வாரமும் அந்தக் காரணத்துக்குத்தான் செலவாக வேண்டும்.

இப்போது முதல் டேக்கில் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். உங்கள் முகத்தின் நீளம் சுமார் 20 சென்டிமீட்டர். குளோசப்பில் அது 6 மீட்டர் உயரத் திரையை நிறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது மடங்கு. நீங்கள் புருவத்தை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினால் திரையில் அது ஓர் அடி நகரும். மேடையில் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்று நீங்கள் செய்கிற எதையும் கேமராவுக்குச் செய்யத் தேவையில்லை. கடைசி வரிசையை லென்ஸ் உங்கள் மூக்குக்கு எதிரிலேயே கொண்டுவந்துவிட்டது. இயக்குநர் "கொறைங்க" என்று சொன்னது இதனால்தான்.

ஆனால் நீங்கள் குறைத்தபோது எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்துவிட்டீர்கள். காட்டுவதைக் குறைக்கச் சொன்னார். கேட்பதையும் யோசிப்பதையும்கூட நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். மேடையிலிருந்து வருகிற நல்ல நடிகர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள், அதனால் மனம் தளர வேண்டாம். பேசாப்படக் கால நடிகர் பஸ்டர் கீட்டனின் முகம் கல் மாதிரி இருக்கும் என்று சொல்வார்கள். அவர் கண்களை மட்டும் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். ஒரு நொடிகூட அவை சும்மா இருப்பதில்லை. எதிரில் இருப்பதை எடை போட்டுக்கொண்டே, அடுத்து என்ன என்று தேடிக்கொண்டே இருக்கும். அசையாத முகம் வேறு, காலியான முகம் வேறு.

இந்த இடத்தில் யாராவது உங்களுக்குக் குலேஷோவ் கதையைச் சொல்லிக் குழப்பக்கூடும். ஏறத்தாழ 1920வாக்கில் ரஷ்ய இயக்குநர் லெவ் குலேஷோவ், மொசூகின் என்ற நடிகரின் சலனமில்லாத ஒரு குளோசப்பை எடுத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப்பையும், ஒரு சவப்பெட்டியையும், ஒரு பெண்ணையும் மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்களாம். 'பார்த்தாயா, நடிகன் ஒன்றும் செய்ய வேண்டாம், எடிட்டிங் பார்த்துக்கொள்ளும்' என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் ஷாட்டுக்கு முன்னும் பின்னும் வரும் ஷாட்டுகள் கதையைச் சொல்லும், அதனால் கதையை நீங்கள் உங்கள் முகத்தால் விளக்க வேண்டியதில்லை; அந்த அளவுக்கு அது சரி. ஒன்றரை நொடிக்கு அது தாங்கும். உங்கள் காட்சியில் கேமரா உங்கள் மேல் ஒரு நிமிடம் நிற்கப்போகிறது. ஒரு நிமிடத்தை எந்த எடிட்டராலும் வெற்று முகத்தால் நிரப்ப முடியாது.

தாத்தாவின் நினைவு கைகொடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மேடையில் உங்களைச் சுற்றி நாடகம் ஓடிக்கொண்டிருந்தது, சக நடிகர்கள் இருந்தார்கள், நினைவு ஒரு பொறியாக வந்து பற்றிக்கொண்டது. இங்கே தனியாக, கையில் போனோடு, எதிரில் முப்பது பேர் காத்திருக்க, கண்ணீரைத் தேடி உள்ளே போனீர்கள். போனில் பேசுகிறவரை விட்டுவிட்டீர்கள். திரையில் என்ன தெரிந்திருக்கும்? சட்டைப்பையில் எதையோ துழாவுகிற ஆளின் கண். ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தன் ஆரம்ப காலத்தில், சொந்த வாழ்க்கையை நினைத்து உணர்ச்சியை எழுப்புகிற உணர்ச்சி நினைவுக்கு நிறைய இடம் கொடுத்தார். 1930களில் அவருடைய அழுத்தம் உடல் செயல்கள் பக்கம் போனது. இந்த மனிதன் இப்போது என்ன செய்கிறான், எதற்காகச் செய்கிறான் என்பதைச் சரியாகப் பிடித்தால் உணர்ச்சி தானாகப் பின்னால் வரும் என்று நம்பினார். என் அனுபவத்தில் கேமரா முன்னால் அதுதான் பலிக்கிறது.

இனி உங்கள் காட்சிக்கே வருகிறேன். துணி மடிக்கிறீர்கள். யாருடைய துணி? இதைக் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள் என்று தோன்றுகிறது, ஏனென்றால் கடிதத்தில் 'துணி' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குவியலில் உங்களுடைய இரண்டு சட்டை, தங்கையின் துணி ஒன்றிரண்டு, அப்பாவின் சட்டை ஒன்று இருக்கட்டும். உதவி இயக்குநரிடம் முன்கூட்டியே பேசினால் ஏற்பாடு செய்துவிடுவார்கள். வெளியூர் போவதற்கு முன்னால் அவர் கழற்றிப் போட்ட சட்டை, நீங்கள் துவைத்து உலர்த்தியது, என்று உங்கள் மனதுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். கதையில் அவர் மருத்துவமனையில் இருந்தால் அதற்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். பார்வையாளருக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை. உங்கள் கைக்குத் தெரிந்தால் போதும். அந்நியத் துணியை மடிக்கிற கையும் அப்பாவின் சட்டையை மடிக்கிற கையும் ஒன்றில்லை.

அடுத்து, போனில் யார் பேசுகிறார்கள்? என்ன வார்த்தையில் சொல்கிறார்கள்? சாவுச் செய்தியை யாரும் எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. "எங்க இருக்க?" என்று கேட்பார்கள். "பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்பார்கள். கொஞ்சம் இழுப்பார்கள். அதனால் செய்தி ஒரே அடியாக விழாது, படிப்படியாக வரும். போனைப் பார்க்கிறீர்கள், தெரிந்த பெயர், சாதாரணமாக எடுக்கிறீர்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு மடிப்பதைத் தொடர்கிறீர்கள். குரல் சரியில்லை என்று தெரிகிறது, கண் ஓரிடத்தில் நிற்கிறது. அப்புறம் அந்த வார்த்தை வருகிறது. வார்த்தை காதுக்கு வந்த நொடியிலேயே துக்கம் வந்துவிடாது. மனம் அதை வாங்க மறுக்கும். ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைக்கும். இந்த இடைவெளியை நடிகர்கள் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள், நேரே அழுகைக்குப் போய்விடுகிறார்கள். பதினோரு டேக்கிலும் நீங்கள் அழுகையைத்தான் தேடியிருக்கிறீர்கள் என்று படுகிறது.

என் அம்மா இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு பேனாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன். செய்தியைக் கேட்டேன். "சரி" என்றேன். அப்புறமும் மூடியைத் தேடினேன். மேசைக்கு அடியில் கிடந்தது, எடுத்துப் பேனாவில் மாட்டினேன், பேனாவை மேசையின் ஓரத்துக்கு இணையாக நேராக வைத்தேன். பிறகுதான் உட்கார்ந்தேன். அழுகை மறுநாள் சாயங்காலம் வந்தது. காதுக்கு வந்த செய்தி கைக்குப் போய்ச் சேர நேரம் ஆகிறது. உங்கள் காட்சியில் அதற்கு இடம் கொடுங்கள். வார்த்தை வந்த பிறகும் கை மடித்துக்கொண்டே இருக்கட்டும். சட்டையின் ஒரு கைப்பகுதியை உள்ளே மடக்கியாயிற்று, இன்னொன்றை மடக்கப் போகும்போது நிற்கட்டும். அல்லது நிற்காமலே போகட்டும், வழக்கத்தைவிடக் கவனமாக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சுருக்கமே இல்லாமல் மடித்து முடிக்கட்டும். இரண்டில் எது என்பதை இப்போதே முடிவு செய்யாதீர்கள்.

கைகளை என்ன செய்வது என்ற கேள்விக்கும் இதுதான் பதில். கைக்கு உண்மையான வேலை கொடுங்கள். வேலை செய்கிற கை ஒருபோதும் தடுமாறாது. வேலை இல்லாத காட்சி வந்தால் சும்மா விட்டுவிடுங்கள், தொங்கட்டும். எல்லாருடைய கையும் அப்படித்தான் தொங்குகிறது.

ஆனால் கை விஷயத்தில் மேடையில் இல்லாத ஒரு பொறுப்பு இங்கே உண்டு: கண்டினியூட்டி, அதாவது ஒரே செயல் எல்லா ஷாட்டிலும் ஒரே மாதிரி இருப்பது. நான் ஆரம்பத்தில் ஒரு படத்தில் சின்ன வேடம் செய்தேன். ஒரு மேசைக் காட்சி. தள்ளி நின்று எடுக்கிற வைட் ஷாட்டில் ஒரு வசனத்துக்கு முன்னால் தண்ணீர்க் குவளையை எடுத்தேன், குளோசப்பில் உணர்ச்சி வேகத்தில் வசனத்துக்குப் பின்னால் எடுத்தேன். அந்தக் குளோசப் நான் அதுவரை செய்ததிலேயே உண்மையானது என்று எனக்கே தெரிந்தது. படம் வந்தபோது அந்த இடத்தில் என் முதுகு இருந்தது. இரண்டு ஷாட்டும் ஒட்டவில்லை, எடிட்டருக்கு வேறு வழியில்லை. வெகு நாள் எனக்கு அது வலித்தது. அதனால் சொல்கிறேன்: எந்தத் துணி முதலில், எந்த இடத்தில் போன் அடிக்கிறது, எந்தக் கையால் எடுக்கிறீர்கள், எந்தப் பக்கம் இடுக்குகிறீர்கள், அந்த வார்த்தை வரும்போது கையில் எந்தத் துணி இருக்கிறது என்பதையெல்லாம் வீட்டில் ஐம்பது தடவை செய்து பழகிவிடுங்கள். உடம்பு தானாகச் செய்கிற அளவுக்கு. அப்போதுதான் மனம் விடுதலையாகிக் கேட்கும்.

கேட்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். இயக்குநரிடம் அனுமதி வாங்கி, யாராவது ஒருவரைப் பக்கத்து அறையிலிருந்து உண்மையாகவே உங்கள் போனுக்கு அழைக்கச் சொல்லுங்கள். மறுமுனை வசனத்தை அவர் பேசட்டும். உங்களுக்கு அந்தக் காட்சியில் வசனம் இல்லை, போனின் சத்தத்தைக் குறைத்து வைத்தால் ஒலிப்பதிவுக்கும் பெரிய தொந்தரவு இருக்காது. முக்கியமானது இது: ஒவ்வொரு டேக்கிலும் அவர் வார்த்தைகளைக் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தடவை நேராகச் சொல்லட்டும், ஒரு தடவை சொல்ல முடியாமல் திணறட்டும், ஒரு தடவை வெகு நேரம் பேசாமல் இருக்கட்டும். கை பழகினதையே செய்யும். காதுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் புதுசு. அப்போது கண்ணில் வருவது நீங்கள் வரவழைத்ததாக இருக்காது.

மூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஆக்ஷன்" என்ற சத்தம் கேட்டதும் புதியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கே தெரியாது. தோள் கொஞ்சம் ஏறும், கழுத்து இறுகும், முகம் பலகையாகும். 'முகத்துல ஒண்ணுமே இல்லை' என்று வருகிற புகாரில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் அனுபவம். "ஆக்ஷன்" கேட்டதும் மெதுவாக மூச்சை வெளியே விட்டுவிட்டு ஆரம்பியுங்கள். காட்சிக்குள் நெஞ்சு தானாக நின்றால் நிற்கட்டும், அதைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

இமைப்பதைப் பற்றி உங்களுக்கு இரண்டு விதமான அறிவுரை வரும். குளோசப்பில் இமைக்காதே, இமைத்தால் பலவீனமாகத் தெரியும் என்று ஆங்கில நடிகர் மைக்கேல் கெய்ன் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதிகாரமான வேடங்களுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு 15, 20 தடவை இமைக்கிறோம், எதையாவது கூர்ந்து கவனித்தால் அது தானாகக் குறையும். அதனால் கவனம் உண்மையாக இருந்தால் எண்ண வேண்டியதே இல்லை. இதைவிட எனக்குப் பிடித்தது படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் கவனித்த விஷயம். ஜீன் ஹேக்மன் நடித்த ஒரு படத்தைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது, தான் வெட்ட முடிவு செய்கிற இடத்துக்கு மிக அருகிலேயே ஹேக்மன் இமைப்பதை அவர் திரும்பத் திரும்பக் கண்டார். ஒரு எண்ணம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது மனிதர்கள் இமைக்கிறார்கள் என்று அவர் முடிவுக்கு வந்தார். நீங்கள் யோசித்தால் எடிட்டருக்கு வெட்டும் இடம் கிடைக்கிறது. யோசிப்பதாகக் காட்டினால் கிடைக்காது.

சின்ன விஷயங்கள் சில. ஷாட்டுக்கு முன்னால் ஃப்ரேம் எங்கே வெட்டுகிறது என்று ஒளிப்பதிவாளரிடமோ உதவியாளரிடமோ கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வைட் என்றால் நீங்கள் உட்கார்ந்திருக்கிற விதமே பேசும். மிட் ஷாட்டில் தோளும் கையும். குளோசப் என்றால் கண்ணும் மூச்சும்தான், அப்போது தலையை முன்னால் நீட்டாதீர்கள், சில சென்டிமீட்டரில் ஃபோகஸ் போய்விடும். எதிரில் ஆள் இருக்கிற காட்சிகளில், குளோசப்புக்கு அவருடைய இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிற கண்ணை மட்டும் பாருங்கள், இல்லாவிட்டால் திரையில் உங்கள் விழி அலைபாயும். சில சமயம் எதிரில் ஆளே இல்லாமல், ஒட்டிவைத்த டேப் துண்டைக் காட்டி 'லுக் இங்கே' என்பார்கள். சக நடிகரை ஐந்து நிமிடம் நிற்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். அவருடைய குளோசப்புக்கு நீங்களும் நின்று கொடுங்கள். இன்னொன்று, "கட்" காதில் விழுகிற வரை அந்த மனிதனாகவே இருங்கள். செய்ய வேண்டியது முடிந்துவிட்டது என்று நினைத்து நாம் தளர்கிற அந்த இரண்டு மூன்று நொடியில்தான் சில சமயம் படத்துக்கே தேவையான முகம் வருகிறது.

மூன்று வாரத்தில் வீட்டில் செய்ய ஒரே ஒரு பயிற்சி தருகிறேன். செல்போனை ஒரு நிலையான இடத்தில் வைத்து, நண்பர் ஒருவர் உங்களிடம் தன் வாழ்க்கையில் நடந்த, உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருங்கள். பத்து நிமிடம். உங்கள் முகம் மட்டும் பதிவாகட்டும். அன்றைக்குப் பார்க்காதீர்கள். மறுநாள் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். உங்கள் முகம் எவ்வளவு குறைவாகச் செய்கிறது, அந்தக் குறைவில் எவ்வளவு தெரிகிறது என்று நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். வாரத்துக்கு மூன்று நாள் போதும். கண்ணாடியில் கிடைக்காதது இதில் கிடைக்கும், ஏனென்றால் கேட்கும்போது உங்களை நீங்கள் பார்க்கவில்லை. கூடவே, 1928இல் வெளிவந்த, கார்ல் டிரையர் எடுத்த ஜோன் ஆஃப் ஆர்க் படத்தைப் பாருங்கள். அதில் ஜோனாக நடித்த ஃபால்கொனெட்டியும் மேடையிலிருந்து வந்தவர்தான். பேச்சில்லாத படம், ஒப்பனை கிடையாது, பெரும்பகுதி குளோசப். அவர் தன்னை விசாரிக்கிறவர்களைக் கேட்கிற விதத்தைக் கவனியுங்கள். அழுகிற இடங்களைவிட, கேள்வி காதில் விழுந்து பதில் வருவதற்கு முன்னால் இருக்கிற இடங்களைப் பாருங்கள்.

கண்ணீர் வருமா வராதா என்று மட்டும் இயக்குநரிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வந்தால் துடைக்க முயலுங்கள், மறைக்க முயலுங்கள். நிஜத்தில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். வராவிட்டால் துணியை மடித்து முடியுங்கள். பல இயக்குநர்கள் அந்த டேக்கைத்தான் வைத்துக்கொள்வார்கள்.

மடிப்பதைப் பழக அதே அளவுள்ள வேறு சட்டையை வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் சட்டை என்று செட்டில் கொடுப்பதை ஒத்திகையில் தொட வேண்டாம். முதல் டேக்கில் உங்கள் கை அதை முதல் முறையாக எடுக்கட்டும்.

அன்புடன்.